கல்லுக்கு எத்தனை வயது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இமயமலைப் பாறைகளின் வயதை ஆய்வாளர்கள் எவ்வாறு கணிக்கின்றனர் என்று சென்ற இதழில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதப்பட்ட கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இம்முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். பெரிய காலக்கணக்குகளை மில்லியன், அதாவது பத்து இலட்சம், என்ற அளவில் தந்திருக்கிறேன்.

கேள்வி: இமயமலை தோன்றி 50 மில்லியன் ஆண்டுகள் என்று படிக்கிறோம். ஆனால் இமயத்துப் பாறைகளின் வயது 500 மில்லியன் ஆண்டுகள் என்று ஓரிடத்திலும், 20 மில்லியன் ஆண்டுகள் என்று வேறோரிடத்திலும் வாசித்தேன். இவற்றுள் எது சரி?
– உயர்தர வகுப்பு மாணவி, சாவகச்சேரி

மூன்றும் சரியானவையே, தங்கச்சி. அவை மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகளின் காலங்கள். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து வந்து ஆசியாவின் தென்விளிம்பை முட்டத் தொடங்கியது ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர். மலை எழத் தொடங்கியதற்கான காரணம் அதுவாகையால் பாடநூல்கள் அந்த எண்ணைத் தருகின்றன. ஆனால் மலையை ஆக்கிய கல் அன்று புதிதாகப் பிறந்ததன்று. உயர் இமயத்தில் இன்று வரிவரியான நைஸ் பாறையாகக் கிடப்பவற்றுட் சில, அங்கே மலை என்ற ஒன்றே இல்லாத காலத்தில், கோண்டுவானாப் பெருங்கண்டத்தின் வடவிளிம்பில் பாறைக்குழம்பாக ஊடுருவி ஏறத்தாழ 500 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் கிரனைற்றாக உறைந்தவை. அந்தக் கிரனைற்று, தட்டுகள் மோதியபோது பல பத்துக் கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தப்பட்டு, வெப்பத்தாலும் அழுக்கத்தாலும் தன் கனியங்களை மாற்றிக்கொண்டு உருமாறிய பாறையாயிற்று. சிலவிடங்களில் அப்பாறைகள் பகுதியளவில் உருகி, 24 மில்லியன் ஆண்டுகள் முதல் 15 மில்லியன் ஆண்டுகள் முன்னர் வரையான காலத்தில் வெளிர்நிறக் கிரனைற்றுகளாக மீண்டும் ஊடுருவின. நீங்கள் வாசித்த 20 மில்லியன் என்பது அந்த உருமாற்றக் காலத்தைச் சேர்ந்தது. அதே கல்லிலுள்ள அப்பற்றைற் என்னும் கனியத்தை அளந்தால் இன்னும் சிறிய எண் கிடைக்கும்; சில பள்ளத்தாக்குகளில் அது ஓரிரு மில்லியன் ஆண்டுகளே.

ஆகவே ஓர் உருமாறிய பாறைக்கு இத்தனை வயது என்று எங்கேனும் எழுதப்பட்டிருந்தால், எந்தக் கனியத்தில், எந்த முறையால் அளந்தது என்பதைத் தேடிப் பாருங்கள். அது சொல்லப்படாத எண்ணால் பயன் அதிகமில்லை. ஒரே மலையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 8848.86 மீற்றர் உயரமுள்ள எவரெஸ்ற்றின் உச்சி ஒர்டோவிசியன் காலத்துக் கடற் சுண்ணாம்புக்கல்; 450 மில்லியன் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்கல் பெரிதாகச் சூடேறாமையால் கடலுயிர்ச் சுவடுகளின் துண்டுகள் அதில் இன்றும் தெரிகின்றன. அதற்குச் சில கிலோமீற்றர் கீழே, அதே மலையின் அடிவாரத்திலோ, 20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் உருகும் நிலைவரை வெந்த பாறைகள் உள்ளன.

கேள்வி: கதிர்த்தொழிற்பாடு எப்போதும் நடந்துகொண்டேயிருக்கிறது. அவ்வாறாயின் கனியத்துக்குள் இருக்கும் கடிகாரம் எந்தக் கணத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது? உருமாற்றம் நடந்த நாளை அது எப்படி அறியும்?
– ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர், பருத்தித்துறை

ஐயா, இத்துறையிற் பல ஆண்டுகள் சர்ச்சைக்குள்ளான இடத்தையே தொட்டிருக்கிறீர்கள். ஆதலால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

யுரேனியம்-238 இற் பாதி ஈயம்-206 ஆக மாற ஏறத்தாழ 4,470 மில்லியன் ஆண்டுகளும், யுரேனியம்-235 இற் பாதி ஈயம்-207 ஆக மாற 704 மில்லியன் ஆண்டுகளும், பொற்றாசியம்-40 இற் பாதி சிதைய 1,250 மில்லியன் ஆண்டுகளும் செல்கின்றன. கல் வெந்தாலும் குளிர்ந்தாலும் இந்த வேகம் மாறுவதில்லை. மாறுவது, சிதைவினாற் பிறந்த அணு கனியத்துக்குள் தங்குகிறதா, தப்பிச் செல்கிறதா என்பது மட்டுமே. பனங்கட்டி காய்ச்சும்போது பாகு கொதிக்கையில் எழும் குமிழிகள் வெளியேறிவிடுகின்றன. குட்டானில் ஊற்றிப் பாகு இறுகிய பிறகு உண்டாகும் குமிழி உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். மைக்கா என்னும் தகட்டுக் கனியத்தில் பொற்றாசியத்திலிருந்து பிறக்கும் ஆகன் வாயுவின் நிலையும் அத்தகையதே. மைக்கா சூடாக இருக்கும்வரை ஆகன் ஊடுபரவி வெளியேறுகிறது. ஒரு வெப்பநிலைக்குக் கீழே வந்ததும் தேங்கத் தொடங்குகிறது. நாம் அளக்கும் வயது, அந்தத் தேக்கம் தொடங்கிய காலத்திலிருந்து கணக்கிட்டது.

இந்த எல்லையை மூடல் வெப்பநிலை என்பர். அது ஊடுபரவலின் வேகத்தையும், மணியின் பருமனையும், பாறை குளிர்ந்த வேகத்தையும் பொறுத்தது என்பதை மார்ட்டின் டொட்சன் 1973 இல் ஒரு சமன்பாடாக எழுதிக் காட்டினார். அதற்கு முன்பே, 1960களில், சுவிற்சலாந்தின் பேர்ண் நகரில் எமிலி யேகர் அல்ப்ஸ் மலையின் மைக்காக்களை ருபீடியம்–ஸ்ரொன்சியம் முறையால் அளந்து, அவை தரும் வயது உருமாற்றத்தின் உச்சத்துக்குரியதல்ல, அதற்குப் பின் பாறை குளிர்ந்த காலத்துக்குரியது என்று வாதிட்டிருந்தார். அந்த ஒரு விளக்கத்தால், ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றிய வயதுகள் அனைத்தும் ஒரு பாறையின் வரலாற்றின் அடுத்தடுத்த பக்கங்களாயின. இத்துறையின் மிகப் பெரிய திருப்பமாக நான் கருதுவது அதனையே.

ஆகன் முறையில் ஹோர்ன்பிளென்ட் என்னும் கனியம் ஏறத்தாழ 500 முதல் 550 பாகை செல்சியசிலும், வெண்மைக்கா 400 பாகை அளவிலும், கருமைக்கா 300 பாகை அளவிலும் மூடிக்கொள்கின்றன. இவற்றுக்கும் கீழே, யுரேனியம்-238 தானாகவே பிளவுபடும்போது படிகத்தில் ஏற்படும் நுண்தழும்புகளை எண்ணும் முறை பயன்படுகிறது. அமிலத்தால் அரித்தால் நுணுக்குக்காட்டியில் தெரியும் அத்தழும்புகள், அப்பற்றைற்றில் 110 பாகைக்கு மேல் ஆறி மறைந்துவிடுகின்றன. சிர்க்கோன் என்னும் கனியத்தில் அந்த எல்லை 240 பாகை அளவில் உள்ளது. அப்பற்றைற்றில் தேங்கும் ஈலியத்தை அளந்தால், ஏறத்தாழ 70 பாகை, அதாவது நிலமட்டத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழம், கடந்த காலமும் கிடைக்கும்.

ஆனால் நீங்கள் கேட்டது உருமாற்றம் நடந்த நாளைப் பற்றி. அதற்குச் சிர்க்கோன், மொனசைற், கார்னெட் ஆகிய கனியங்களையே நாட வேண்டும். சிர்க்கோன் வளரும்போது யுரேனியத்தைத் தன் படிகத்துள் ஏற்றுக்கொள்ளும்; ஈயத்தை ஏறக்குறைய முற்றாகவே விலக்கிவிடும். ஒருமுறை வளர்ந்த பின், படிகம் சேதமுறாதிருப்பின், 900 பாகையிலும் தன் ஈயத்தை எளிதில் விடாது. எனவே சிர்க்கோன் தரும் வயது குளிர்ந்த காலமன்று, வளர்ந்த காலம். பழைய கருவின்மேல் ஒவ்வொரு வெப்ப நிகழ்ச்சியிலும் புதிய தோல் படிவதால், கரு 500 மில்லியன் ஆண்டும் தோல் 20 மில்லியன் ஆண்டுமாக ஒரே மணியில் இரண்டு வயதுகள் இருக்கக்கூடும். முழு மணியையும் கரைத்து அளந்தால், நடக்காத ஒரு நிகழ்ச்சிக்குரிய இடைப்பட்ட எண் கிடைத்துவிடும். அயன் கற்றையாலோ லேசராலோ முப்பது மைக்கிரோமீற்றர் அளவுள்ள புள்ளியைத் தெரிவுசெய்து அளப்பது அதனாலேதான். யுரேனியத்தின் இரு சமதானிகளும், அதாவது யுரேனியம்-238 உம் யுரேனியம்-235 உம், ஒரே வயதைத் தருகின்றனவா என்று பார்ப்பது இம்முறைக்கே வாய்த்த உட்சோதனை.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. சிர்க்கோன் வளர்ந்தது 20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் என்று தெரிந்தாலும், அப்போது பாறை கீழே போய்க்கொண்டிருந்ததா, உச்ச வெப்பத்தில் இருந்ததா, மேலே வரும் வழியில் உருகல் உறைந்தபோது சிர்க்கோன் முளைத்ததா என்பதை அந்த எண் சொல்லாது. ஆழத்தைச் சொல்லும் கனியம் கார்னெட். கார்னெட் வளரும்போது இற்றியம் என்ற மூலகத்தையும் பாரமான அருமண் மூலகங்களையும் தன்னுள் இழுத்துக்கொள்வதால், அதே சமயத்தில் வளரும் மொனசைற்றுக்கும் சிர்க்கோனுக்கும் அவை கிடைப்பதில்லை. இற்றியம் குறைந்த மொனசைற் கார்னெட்டோடு வளர்ந்தது. இற்றியம் மிகுந்த வெளித்தோல் கார்னெட் சிதையும்போது, பெரும்பாலும் பாறை மேலெழும் வழியில், வளர்ந்தது. கார்னெட்டையே லூற்றேற்றியம்–ஹாப்னியம் முறையால் நேரடியாகவும் அளக்கலாம். வயதை அளப்பதிலும் பார்க்க, அந்த வயதைப் பாறை கடந்த ஒரு குறித்த வெப்பநிலையோடும் ஆழத்தோடும் பிணைப்பதே கடினமான வேலை. அந்தப் பிணைப்பு இல்லாத அளவீடு எத்தனை நுட்பமானதாயினும் பாதி வேலையே என்பது என் எண்ணம்.

கேள்வி: ஆழத்திலிருந்த பாறை மேலே வந்த வேகத்தை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? மலை உயரும் வேகமும் அதுவும் ஒன்றா?
– பொறியியல் பீட மாணவர், அறிவியல் நகர்

ஒன்றல்ல. கடல்மட்டத்துடன் ஒப்பிட்டு நிலத்தின் மேற்பரப்பு உயர்வது வேறு. மேற்பரப்புடன் ஒப்பிட்டுப் பாறை நெருங்கி வருவது வேறு. மேலே உள்ளவற்றை ஆறும் பனிக்கட்டியாறும் அரித்துக்கொண்டு போனாலோ, பிளவுத்தளமொன்றின் வழியே மேற்பகுதி சறுக்கி விலகினாலோ, மலையின் உயரம் ஒரு மீற்றரும் கூடாமலே ஆழத்துப் பாறை வெளிப்படலாம். பிலிப் இங்கிலண்ட், பீற்றர் மோல்னர் ஆகிய இருவரும் 1990 இல் இந்த வேறுபாட்டை வலியுறுத்தி எழுதினர். அதற்கு முன்னர் இளவயதான மைக்காவைக் கண்டதும் மலை அப்போது உயர்ந்தது என்று முடிவுகட்டுவது வழக்கமாயிருந்தது. கனியக் கடிகாரங்கள் நேரடியாகக் காட்டுவது குளிர்தலை; அதிலிருந்து பாறை மேற்பரப்பை நெருங்கியதை உய்த்தறிகிறோம்; மலையின் பழைய உயரத்தை அறிய வேறு சான்றுகள் வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு பாறையின் வெண்மைக்கா 20 மில்லியன், கருமைக்கா 16 மில்லியன் ஆண்டு தருவதாக வைத்துக்கொள்வோம். 400 பாகையிலிருந்து 300 பாகைக்கு நான்கு மில்லியன் ஆண்டுகளில் குளிர்ந்திருக்கிறது. மில்லியன் ஆண்டுக்கு 25 பாகை. புவியோட்டில் கிலோமீற்றருக்கு 25 பாகை வீதம் வெப்பம் கூடுமாயின், அது மில்லியன் ஆண்டுக்கு ஒரு கிலோமீற்றர், அதாவது ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர். இக்கணக்கிலுள்ள பலவீனம் அந்தக் கடைசி எடுகோளில் இருக்கிறது. பாறை விரைந்து எழும்போது தன் வெப்பத்தையும் சுமந்துகொண்டு வருவதால், சம வெப்பநிலைக் கோடுகள் மேற்பரப்பை நோக்கி வளைந்து நெருங்கிவிடுகின்றன. அங்கே கிலோமீற்றருக்கு 25 பாகை என்று கொள்வது பெரும் வழுவில் முடியும். பாகிஸ்தானின் வடக்கே 8,000 மீற்றரைத் தாண்டி நிற்கும் நங்க பர்பத்தில் இந்த நிலை தெளிவாகத் தெரிகிறது. அங்கே சில மில்லியன் ஆண்டுகளுக்குள்ளேயே ஆழத்தில் உருகிய பாறைகள் இன்று மலைச்சரிவில் வெளிப்பட்டிருக்கின்றன; வெளிப்படும் வேகம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்; மலையடிவாரத்தில் வெந்நீரூற்றுகள் உண்டு. ஒரே மலைமுகத்தில் வெவ்வேறு உயரங்களில் கற்களை எடுத்து, உயரத்தோடு வயது கூடும் வீதத்தை வரைந்து பார்ப்பது இந்த எடுகோளின் தயவைக் குறைக்கும் வழிகளில் ஒன்று.

மிக ஆழத்திலிருந்து வந்த பாறைகளுக்கு மைக்கா போதாது. 1984 இல் கிறிஸ்ரியன் ஷோப்பன் மேற்கு அல்ப்ஸின் டோரா மைரா பகுதியில், கார்னெட்டுக்குள் அகப்பட்டிருந்த கோசைற்றைக் கண்டறிந்தார். குவார்ட்ஸின் அடர்ந்த வடிவமான கோசைற் உண்டாக, ஏறத்தாழ 90 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தின் அழுக்கம் வேண்டும். கண்டத்தின் மேற்பரப்புப் பாறை அந்த ஆழத்துக்குப் போய்த் திரும்பக்கூடும் என்று அதுவரை பெரும்பாலோர் எண்ணவில்லை. டானியலா ருபாற்றோவும் ஜோர்க் ஹெர்மானும் 2001 இல் அதே பாறைத்தொகுதியில் ஆழத்தை அடையாளங்காட்டும் கனியங்களை அளந்தபோது, உச்ச அழுக்கத்துக்கு 35.1 மில்லியன் ஆண்டும், ஏறத்தாழ 35 கிலோமீற்றர் ஆழத்துக்கு 32.9 மில்லியன் ஆண்டும், 17 கிலோமீற்றர் அளவான ஆழத்துக்கு 31.8 மில்லியன் ஆண்டும் கிடைத்தன. முதற்கட்டத்தில் அப்பாறை ஆண்டுக்கு 3.4 சென்றிமீற்றர் வேகத்தில் ஏறியிருக்கிறது. தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று அமிழும் வேகத்துக்கு அது ஈடானது. மேலே வரவரத்தான் வேகம் குறைந்திருக்கிறது. அரிப்பு மட்டும் இவ்வேகத்தைத் தராது. புவியோட்டுக்குக் கீழே சூழவுள்ள அடர்ந்த இடையோட்டுப் பாறையினுள் அடர்த்தி குறைந்த கண்டப்பாறை மிதந்தெழுந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

இமயத்திலும் இத்தகைய இடம் உண்டு. பாகிஸ்தானின் ககான் பள்ளத்தாக்கில், பேரழுக்கத்தில் உருமாறிய எக்ளோகைற் பாறையில், கோசைற்றைத் தன்னுள் பொதிந்துகொண்ட சிர்க்கோன் தோல் ஏறத்தாழ 46 மில்லியன் ஆண்டு வயதைத் தருகிறது. ஆழத்தின் சான்றும் காலத்தின் சான்றும் ஒரே மணிக்குள் இருப்பதால், மேலே சொன்ன பிணைப்புச் சிக்கல் அங்கே எழுவதில்லை. இந்தியக் கண்டத்தின் முன்விளிம்பு, மோதல் தொடங்கிச் சில மில்லியன் ஆண்டுகளுக்குள்ளேயே அவ்வளவு ஆழம் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிவது இதனால்தான்.

கேள்வி: நம் மலைநாடும் ஒருகாலத்தில் இமயம் போல இருந்ததா?
– வாசகி, கொக்குவில்

இருந்தது என்று கொள்ள வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் இன்று நாம் காணும் மலைகள் அந்த மலையல்ல. கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் வெளிப்பட்டிருக்கும் உயர்நிலத் தொகுதிப் பாறைகளான சார்னொக்கைற்றுகளும், கார்னெட்டும் சில்லிமனைற்றும் செறிந்த நைஸ்களும், பளிங்குப் பாறைகளும், ஏறத்தாழ 610 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் வரை நடந்த பெரும் உருமாற்றத்துக்கு உட்பட்டவை. கோண்டுவானாவின் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி இணைந்த காலம் அது. இலங்கை அன்று தென்னிந்தியாவுக்கும் மடகாஸ்கருக்கும் கிழக்கு அந்தாட்டிக்காவுக்கும் அண்மையில் இருந்தது. இப்பாறைகளின் கனியங்கள் பதிந்துவைத்திருக்கும் அழுக்கம் 25 முதல் 30 கிலோமீற்றர் வரையான ஆழத்துக்குரியது. சிலவிடங்களில் வெப்பநிலை 900 பாகையைத் தாண்டியிருக்கிறது. இன்று அப்பாறைகளுக்குக் கீழே இன்னும் 35 கிலோமீற்றர் அளவில் புவியோடு எஞ்சியிருப்பதால், அன்று ஓட்டின் மொத்தத் தடிப்பு 60 கிலோமீற்றரைத் தாண்டியிருக்க வேண்டும். அத்தகைய தடிப்பை இன்று திபெத், அந்தீஸ் போன்ற உயர்நிலங்களின் கீழேதான் காண்கிறோம். நாம் நடப்பது ஒரு பழைய மலைத்தொடரின் வேரின்மீது. மேலே இருந்த மலை அரிக்கப்பட்டுக் கடலுக்குப் போய்விட்டது. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையின் இன்றைய வடிவம் மிகப் பிற்காலத்து நிலவெழுச்சிக்கும் அரிப்புக்கும் உரியது.

நம் நாட்டுக் கற்களுக்கு இந்த அறிவியலின் பிறப்பிலேயே ஒரு பங்கு உண்டு என்பதைப் பலரும் அறியார். கலை வரலாற்றாசிரியராக நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்து குமாரசுவாமியின் மகன், தொழிலால் முதலில் புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிய அளவீட்டின் பொறுப்பாளராக இருந்த காலத்தில், சப்பிரகமுவப் பகுதியின் இரத்தினக்கற் சரளைக்குள் கிடைத்த, பாரமான கறுத்த கனசதுரக் கனியமொன்று அவர் கவனத்துக்கு வந்தது. 1904 இல் அது தோரியனைற் என்ற புதிய கனியமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, லண்டனில் இருந்த இளைஞர் ஒற்றோ ஹான் அதிலிருந்து ரேடியோதோரியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டுபிடித்தார்.

1907 இல் அமெரிக்காவின் பேர்ற்றம் போல்ற்வூட், யுரேனியத்துக்கும் ஈயத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு முதன்முறையாகக் கனியங்களின் வயதுகளை வெளியிட்டபோது, அப்பட்டியலில் மிகப் பெரிய எண், 2,200 மில்லியன் ஆண்டுகள், இலங்கைத் தோரியனைற்றுக்குக் கிடைத்தது. இன்றைய கணிப்பின்படி அதன் வயது 550 மில்லியன் ஆண்டை அண்டியது. தோரியமும் சிதைந்து ஈயமாகிறது என்பது அப்போது ஏற்றுக்கொள்ளப்படாததால், தோரியத்திலிருந்து வந்த ஈயமும் யுரேனியத்தின் கணக்கில் எழுதப்பட்டதே அந்தப் பிழைக்கு முக்கிய காரணம். யுரேனியச் சிதைவின் வேகமும் அன்று செம்மையாகத் தெரியாது. சில ஆண்டுகளின் பின்னர் பிரெடெரிக் சொடி தோரைற் என்னும் இலங்கைத் தோரியக் கனியத்திலிருந்து பிரித்தெடுத்த ஈயம் சாதாரண ஈயத்திலும் பாரமானது என்று கண்டு, சமதானிகள் என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தார்.

இன்றும் அத்தொடர்பு அறவில்லை. சிர்க்கோன் வயதை அளக்கும் கருவிக்கு, வயது ஐயமின்றித் தெரிந்த ஒரு நியமக்கல் எப்போதும் பக்கத்தில் வேண்டும். பெரிய, தெளிந்த, சீரான இலங்கைச் சிர்க்கோன்கள் அதற்கு உகந்தவை. 572 மில்லியன் ஆண்டு வயதுள்ள எஸ்.எல்.13, 564 மில்லியனுக்குரிய சி.இசட்.3, 561 மில்லியனுக்குரிய எம்.257 என்பன அவ்வாறு நியமமாகப் பயன்பட்ட இலங்கைக் கற்கள். வேற்றுநாட்டு மலையொன்றின் வயது, நமது மலைநாட்டின் உருமாற்றக் காலத்தோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டதாகப் பல சந்தர்ப்பங்களில் இருந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டு அம்மிக்கல்லின் வயதையும், கிணற்றில் தெரியும் சுண்ணாம்புக்கல்லின் வயதையும் இம்முறைகளால் அறியலாமா?
– வாசகர், மானிப்பாய்

அம்மிக்கு ஆகும், சுண்ணாம்புக்கல்லுக்கு ஆகாது. அம்மியில் சிர்க்கோனும் மைக்காவும் இருக்கக்கூடும். ஆனால் கல் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். வன்னிப் பக்கத்துப் பாறையாயின் உருமாற்றக் காலம் மலைநாட்டைப் போலவே 600 மில்லியனுக்கும் 550 மில்லியனுக்கும் இடையே அமையும். சென்னையை அண்டிய சார்னொக்கைற்றாயின் ஏறத்தாழ 2,500 மில்லியன் ஆண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒரேவிதமான கருங்கல்தான்.

கிணற்றுச் சுவரில் தெரியும் கல் ஆழமற்ற கடலில் படிந்த அடையற்பாறை. அது ஒருபோதும் ஆழத்துக்குப் போகவில்லை, வேகவில்லை. ஆதலால் அதில் உருமாற்றக் கனியங்கள் வளரவில்லை. அதனுள் இருக்கும் பொராமினிபெரா முதலிய உயிர்ச்சுவடுகளைக் கொண்டு, அது மயோசீன் காலத்தின் முற்பகுதிக்கு உரியது என்று கணித்திருக்கிறார்கள். எண்ணிற் சொன்னால் 20 மில்லியன் ஆண்டை ஒட்டியது. சாவகச்சேரி மாணவியின் கேள்வியில் வந்த அதே எண் இது: இமயத்தின் அடியில் பாறைகள் உருகிக்கொண்டிருந்த காலத்தில் நமது குடாநாட்டின் கல் கடலடியில் சேர்ந்துகொண்டிருந்தது. இக்கல்லும் ஒரு மலையாக்கத்தில் அகப்பட்டு ஆழம் போனால், மாத்தளைப் பக்கத்துப் பாறைகளைப் போலப் பளிங்காகும்.

கேள்வி: இத்துறையை இலங்கையில் எங்கே படிக்கலாம்?
– தாயொருவர், சுன்னாகம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையை முதலில் விசாரியுங்கள், அம்மா. உயர்தரத்தில் பௌதிகமும் இரசாயனமும் நன்றாகப் படித்திருந்தால் பிள்ளைக்கு மிகவும் உதவும். வயதுக் கணிப்பில் பாதிக்கு மேல் அவ்விரண்டும்தான்.

கேள்வி: அரித்துக்கொண்டு போன இமயம் எங்கே இருக்கிறது? அதிலிருந்தும் ஏதாவது அறிய முடியுமா?
– கடற்றொழிலாளர், வல்வெட்டித்துறை

அதன் பெரும்பங்கு நீங்கள் தொழில் செய்யும் வங்காள விரிகுடாவின் அடியில் இருக்கிறது. கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து தள்ளிய வண்டல், விரிகுடாவின் தலைப்பிலிருந்து இலங்கையைக் கடந்து, புவிமத்தியகோட்டுக்கும் தெற்கே வரை விசிறிபோலப் பரந்து கிடக்கிறது. வடக்கே அதன் தடிப்பு பல கிலோமீற்றர். உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி அது.

மலையில் எஞ்சியிருக்கும் பாறை இன்றைய மேற்பரப்பின் வரலாற்றை மட்டுமே சொல்லும். அதற்கு மேலே இருந்து அழிந்த அடுக்குகளின் வரலாறு இந்த வண்டலில்தான் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1987 இல் இலங்கைக்குத் தெற்கே ஆழ்கடலில் துளையிட்டு எடுத்த வண்டலிலிருந்து, பீற்றர் கோப்லண்ட், மார்க் ஹரிசன் ஆகியோர் மைக்கா, பொற்றாசியம் பெல்ட்ஸ்பார் மணிகளை ஒவ்வொன்றாக அளந்து 1990 இல் முடிவை வெளியிட்டனர். ஒரு மணி மைக்கா மலைக்குள் மூடல் வெப்பநிலையைக் கடந்த காலம் ஆகன் முறையால் தெரியும். அது கடலடியில் படிந்த காலம் அந்த அடுக்கின் உயிர்ச்சுவடுகளால் தெரியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அந்த மணி பல கிலோமீற்றர் ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு வந்து, அரிபட்டு, ஆறுகளிலும் கடலடி ஓடைகளிலும் பயணம்செய்து படிவதற்குச் சென்ற மொத்தக் காலம். ஆற்றிலும் கடலிலும் செல்லும் காலம் சிறிதாகையால், எஞ்சியது பாறை வெளிப்பட எடுத்த காலமே. அளந்த மணிகளுட் சிலவற்றின் வயது படிந்த காலத்தோடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது; மயோசீன் காலத்திலேயே இமயத்தின் சில பகுதிகள் மிக விரைவாக வெளிப்பட்டுக்கொண்டிருந்தன என்பதற்கு அது நேரடிச் சான்று. மலையுச்சியில் எத்தனை கற்களைத் தட்டி எடுத்தாலும் இந்தத் தகவல் கிடைக்காது.

2015 இல் ஜோய்டிஸ் றெசொலூஷன் என்னும் ஆய்வுக்கப்பல் வடக்கு அகலக்கோடு 8 பாகையில், அதாவது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரைக்கு நேர் கிழக்கான கோட்டில், ஏழு இடங்களில் துளையிட்டு மேலும் வண்டலை எடுத்தது. அதிலுள்ள சிர்க்கோன், மைக்கா, அப்பற்றைற் மணிகளை வெவ்வேறு முறைகளால் அளந்து, ஒரே அடுக்கில் உள்ள மணிகள் மலையின் எந்தப் பகுதியிலிருந்து, எத்தனை விரைவாக வந்தன என்று பிரித்தறியும் பணி பல ஆய்வுகூடங்களில் நடக்கிறது. நங்க பர்பத்தைப் போலவே மிக விரைவாக எழும் கிழக்கு மூலையான நம்சா பர்வாவின் மணிகளை இந்த வண்டலில் அடையாளம் காண்பது அப்பணியின் முக்கியமான பகுதி. நங்க பர்பத்தின் வண்டலோ சிந்து நதி வழியே அரபிக்கடலுக்குப் போவதால், அதை அங்கேதான் தேட வேண்டும்.